கைவிடப்பட்ட ‘டர்ட்டி ஹாரி’ கேமும் நம்ம ஏரியா என்கவுன்ட்டர்களும்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே எங்கள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. அண்ணன் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் கைதான 11 பேரில் ஒருவரை மாதவரம் பக்கம் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது. பதுக்கி வைத்த ஆயுதத்தைக் காட்டச் சொல்லிக் கூட்டிப் போனார்களாம், அங்கே இருந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்து அவர் சுட்டாராம், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டார்களாம். கொலை நடந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. குழுவில் கைதட்டல் படங்கள், நெருப்புப் படங்கள். என்னிடம் டியூஷன் படித்து இன்று கல்லூரியில் இருக்கும் ஒரு தம்பி ஒரே ஒரு சொல் போட்டிருந்தான்: “ஹெட்ஷாட்.”

நான் ஒன்றும் பதில் போடவில்லை. எனக்கும் அன்று காலை வயிற்றில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஜூலை 5 இரவு பெரம்பூரில் நின்று அழுதவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஹெட்ஷாட் என்பது கேம் சொல். திரையில் ஒருவன் தலைக்கு மேலே சிவப்புக் குறி காட்டும், குறிபார்த்துச் சுட்டால் கூடுதல் பாயின்ட். அந்தச் சொல் நம் பிள்ளைகள் வாய்க்கு எப்படி வந்தது, நிஜத் துப்பாக்கிக்கும் நிஜ மனிதனுக்கும் எப்படிப் பொருந்தியது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வெளியே வராமலேயே போன ஒரு கேம் நினைவுக்கு வந்தது. தோழர்களே, அதன் கதையை எழுதலாம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2006-07 வாக்கில் திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு கேம் கடை இருந்தது. நான்கு பழைய டிவி, நான்கு பிளேஸ்டேஷன், ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். என் தம்பி ஸ்கூல் விட்டால் அங்கேதான். ராத்திரி சாப்பாட்டுக்கு அவனைக் கூட்டிவரும் வேலை எனக்கு. “அக்கா, ஒரு மிஷன், ஒரே ஒரு மிஷன்” என்பான். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஓடியதெல்லாம் பர்மா பஜார் காப்பிதான். ‘வைஸ் சிட்டி’, ‘காட்ஃபாதர்’, ‘ஸ்கார்ஃபேஸ்’. பழைய ஹாலிவுட் படங்களையெல்லாம் கேமாக்கிக்கொண்டிருந்த காலம் அது.

அதற்குக் காரணம் காசு. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசை விற்ற விற்பனையைப் பார்த்துவிட்டு, எழுபதுகளின் குற்றப் படங்கள் எந்த ஸ்டுடியோவின் அலமாரியில் இருந்தாலும் தூசு தட்டி எடுத்தார்கள். 2005-ல் ‘தி வாரியர்ஸ்’ வந்தது. 2006-ல் ‘காட்ஃபாதர்’ கேம் வந்தது. படத்தை எடுத்த கொப்போலா தனக்கு அதில் உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே வருடம் ‘ஸ்கார்ஃபேஸ்’. ‘டாக்ஸி டிரைவர்’ படத்தைக்கூட விடவில்லை. மஜெஸ்கோ என்ற நிறுவனம் 2005-ல் அதை அறிவித்து, கையில் காசு தீர்ந்ததும் கைவிட்டது. இந்த வரிசையில்தான் வார்னர் நிறுவனம் ‘டர்ட்டி ஹாரி’யை அறிவித்தது. கலிஃபோர்னியாவின் ‘தி கலெக்டிவ்’ என்ற பட்டறைக்கு வேலை கொடுக்கப்பட்டது. புதிதாக வரவிருந்த பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கான கேம். கிளின்ட் ஈஸ்ட்வுட்டே குரல் கொடுப்பதாக ஏற்பாடு. 2007-ல் அதைக் கைவிட்டார்கள். வேலை எதிர்பார்த்த தரத்தில் நகரவில்லை என்பது கேமிங் ஏடுகளில் வந்த காரணம். கொஞ்ச நாளில் அந்தப் பட்டறையே இன்னொரு பட்டறையோடு இணைக்கப்பட்டு வேறு பெயருக்கு மாறியது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதே பட்டறைதான் 2006-ல் ‘கெட்டிங் அப்’ என்ற கேமையும் செய்தது. அதில் கதாநாயகன் சுவரில் படம் வரையும் ஒரு இளைஞன். ஊரை அடக்கி ஆளும் மேயரின் போலீசுக்குத் தப்பி, ரயிலிலும் பாலத்திலும் வரைந்துகொண்டே போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்தக் கேமுக்கு அனுமதி மறுத்தார்கள். போலீசிடமிருந்து ஓடும் பையனின் கேம் ஒரு நாட்டில் தடையானது. பையன்களைச் சுடும் போலீஸ்காரனின் கேமுக்கு எந்த நாட்டிலும் தடை வந்திருக்காது. அது நின்றது பட்ஜெட்டால்.

‘டர்ட்டி ஹாரி’ படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1971 டிசம்பரில் வந்தது. இயக்கம் டான் சீகல். சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஹாரி கலஹன், கையில் பெரிய மேக்னம் துப்பாக்கி. ‘ஸ்கார்பியோ’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட ஒரு கொலைகாரன் ஊரையே மிரட்டுகிறான். கடைசி வரை அவன் உண்மைப் பெயர் படத்தில் வராது. ஒரு பெண்ணைக் கடத்திப் புதைத்து வைத்துவிட்டான். ஹாரி அவனை விளையாட்டு மைதானத்தில் துரத்திப் பிடித்து, குண்டடி பட்ட காலை மிதித்து, பெண் எங்கே என்று கேட்கிறான். பிறகு அரசு வழக்கறிஞர் ஹாரியைக் கூப்பிட்டு, சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலமும் வாரன்ட் இல்லாமல் எடுத்த துப்பாக்கியும் கோர்ட்டில் செல்லாது என்கிறார். மிராண்டா, எஸ்கொபெடோ என்ற தீர்ப்புகளின் பெயரைச் சொல்கிறார். கொலைகாரன் வெளியே வருகிறான், மறுபடி குற்றம் செய்கிறான். ஹாரி அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தன் போலீஸ் பேட்ஜைத் தண்ணீரில் வீசிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் படம்.

நன்றாக எடுக்கப்பட்ட படம், அதை மறுக்க முடியாது. ஆனால் விளையாட்டுச் சீட்டை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கொலைகாரன் யார் என்பது பார்வையாளருக்கு முதல் காட்சியிலேயே தெரியும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்படி ஒரு நிச்சயத்தைக் கொடுத்துவிட்டு, சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது என்று நம்மைக் கேட்க வைக்கிறது. விமர்சகர் பாலின் கேல் அப்போதே இதைப் பிடித்துவிட்டார். இந்தப் படத்துக்குள் பாசிசம் இருக்கிறது என்று எழுதினார். நிஜத்தில் அந்த முதல் காட்சி யாருக்கும் கிடைப்பதில்லை. மிராண்டா தீர்ப்பு 1966-ல் வந்ததே அதனால்தான். காவலில் இருப்பவனுக்கு வாயைத் திறக்காமல் இருக்கும் உரிமை உண்டு, வக்கீல் வைக்கும் உரிமை உண்டு, அதை அவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். படம் அதை ஒரு வில்லனாகவே காட்டியது.

இன்னொன்று. ஹாரியின் புகழ்பெற்ற முதல் மோதல் ஒரு வங்கிக் கொள்ளை. அதில் நடைபாதையில் அடிபட்டுக் கிடந்து, ஹாரியின் துப்பாக்கி முனையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு கறுப்பின மனிதர். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஓக்லாண்ட். அது துறைமுக ஊர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்காகத் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்த இடம். செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் துறைமுகத்துக்கும் மில்லுக்கும் கூலியாக வந்து ராயபுரம், புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று தங்கிய நம் தாத்தா பாட்டிகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். அந்த ஓக்லாண்டில்தான் 1966 அக்டோபரில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். முதல் வேலையே போலீஸைக் கண்காணிப்பதுதான். ரோந்து வண்டி யாரையாவது நிறுத்தினால் பாந்தர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்கள். நியூட்டன் சட்டப் புத்தகத்தை எடுத்து, நிறுத்தப்பட்டவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று சத்தமாக வாசிப்பார். அவர்களின் பத்து அம்சத் திட்டத்தில் ஏழாவது, போலீஸ் வன்முறையும் கொலையும் நிற்க வேண்டும் என்பது. 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்றவர்கள் தலித் பாந்தர்ஸ் என்று பெயர் வைத்தது இதைப் பார்த்துத்தான். அங்கிருந்து மதுரைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும்.

ஆக, 1971-ல் ஒரே விரிகுடாவின் இரண்டு கரையில் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்றில் போலீஸ்காரன் சட்டப் புத்தகத்தைத் தூக்கி எறிகிறான். இன்னொன்றில் சேரி இளைஞன் அதே புத்தகத்தைக் கையில் எடுக்கிறான். உலகம் முழுக்க ஓடியது முதல் கதை. 1990-ல் ‘டர்ட்டி ஹாரி’ பெயரில் ஒரு கேமே வந்திருக்கிறது, நின்டெண்டோவுக்கு. அதன் துணைத் தலைப்பு போதைப்பொருளுக்கு எதிரான போர் என்பது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் நடந்த அரசுப் ‘போரில்’ சிறைக்குப் போனவர்களில் கறுப்பின இளைஞர்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பாந்தர்களின் கதையை யாராவது கேமாக்கி நம் தெருமுனைக் கடை வரை கொண்டுவந்திருந்தால் என் தம்பி என்ன விளையாடியிருப்பான் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஹாரி இந்தியாவுக்கு வர ரொம்ப நாள் எடுக்கவில்லை. 1973-லேயே இந்தியில் ‘கூன் கூன்’ என்று எடுத்துவிட்டார்கள், டேனி டென்சோங்பா கொலைகாரன். அதே வருடம் ‘சஞ்சீர்’ வந்து அமிதாப் கோபக்கார இன்ஸ்பெக்டர் ஆனார். அது அடுத்த வருடம் தமிழில் எம்.ஜி.ஆர் நடித்த ‘சிரித்து வாழ வேண்டும்’. ஆனால் சுட்டுக் கொல்வதையே வேலையாகக் கொண்ட போலீஸ் நம் திரையில் கம்பீரமாக உட்கார்ந்தது 2003-ல் என்பேன். ‘சாமி’யும் ‘காக்க காக்க’வும் சில மாத இடைவெளியில் வந்தன. அதற்குப் பிறகு என்கவுன்ட்டர் என்ற ஆங்கிலச் சொல் நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரிந்த தமிழ்ச் சொல்லாகிவிட்டது. வில்லனுக்கு மட்டும் ஒரு மாற்றம். அமெரிக்கப் படத்தின் ஸ்கார்பியோ வெள்ளைக்காரன், எந்த ஏரியா என்றே தெரியாதவன். நம் படங்களில் வில்லனுக்கு முகவரி வந்துவிட்டது: காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி, எண்ணூர். சென்னை பாஷை பேசினால் போதும், தலைக்கு மேலே சிவப்புக் குறி வந்துவிடும்.

இந்தக் குறி சினிமா கண்டுபிடித்ததில்லை. 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் நடந்தபோது, ஆதிதிராவிடர்களையே நகரத்துக்கு வெளியே அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னவர் சர் பிட்டி தியாகராயர். வீடு எரிந்தவர்களைத்தான் வெளியே போகச் சொன்னார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்து, சுதந்திரத்துக்குப் பிறகு போனது. ஆள் குற்றம் செய்வதற்கு முன்பே அவன் பிறந்த இடத்தை வைத்து நோட்டில் பெயர் எழுதும் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் ஸ்டேஷன்களில் ரவுடிப் பட்டியல் இருக்கிறது, ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து. செய்தித்தாளில் செத்தவர் பெயருக்கு முன்னால் ஏரியா பெயர் அடைமொழியாக ஒட்டிக்கொள்ளும். நாடு முழுக்கச் சிறையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குப் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு.

குண்டர் சட்டம் என்று சொல்கிறோமே, 1982-ன் தமிழ்நாடு சட்டம், அதன் முழுப் பெயரை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர், விபச்சாரத் தொழில் குற்றவாளி, குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று நீண்டுகொண்டே போகும். 2004-ல் அதோடு ‘வீடியோ திருடர்’ என்பதையும் சேர்த்தார்கள். திருட்டு சிடி விற்றால் விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். யாருடைய படத்தின் வசூலைக் காப்பாற்ற இதைச் சேர்த்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். திரையில் என்கவுன்ட்டர் செய்யும் நாயகனின் படத்தைக் காப்பி போட்டு விற்ற பையனும், கொலை வழக்கில் மாட்டியவனும் ஒரே சட்டத்தின் கீழ். எங்கள் கேம் கடைக்காரருக்கு சிடி கொண்டுவந்து கொடுத்த அண்ணன் ஒருநாள் திடீரென்று காணாமல் போனார். திரும்பி வந்தபோது அவர் சிடி பேச்சே எடுக்கவில்லை.

இப்போது என்கவுன்ட்டருக்கு வருவோம். 2012 பிப்ரவரி 23 அதிகாலை, வேளச்சேரி. இரண்டு வங்கிக் கொள்ளைகளில் சம்பந்தப்பட்டவர்கள் என்று போலீஸ் சொன்ன ஐந்து வடமாநில இளைஞர்களை ஒரு வாடகை வீட்டில் சுட்டுக் கொன்றார்கள். உள்ளே இருந்து சுட்டார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று அறிக்கை. ஊரே கைதட்டியது. அவர்கள்தான் கொள்ளையடித்தார்கள் என்று ஒரு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய வேலை அந்த இரவோடு முடிந்துபோனது. ஐந்து பேருக்கும் தமிழ் தெரியாது, ஓட்டு இங்கே இல்லை, கேட்க நாதி இல்லை. அன்றைக்கு நம் அமைப்புகளில் எத்தனை பேர் பேசினோம் என்று யோசித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அப்போது எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஃபூக்கோ வாசித்துவிட்டு, ஹாஸ்டலில் டிவி முன்னால் உட்கார்ந்து “சரியாப் போச்சு” என்று சொன்ன தோழிகளோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பி.யூ.சி.எல் அமைப்பு மும்பை என்கவுன்ட்டர்களை எதிர்த்து ஒரு வழக்கு நடத்தியது. 1995 முதல் 1997 வரை 99 மோதல்கள், ஏறத்தாழ 135 சாவுகள். அந்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகளைச் சொன்னது. ஒவ்வொரு என்கவுன்ட்டர் சாவுக்கும் எஃப்.ஐ.ஆர் போட வேண்டும். சுட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி அல்லது வேறு ஸ்டேஷன் குழு விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சுட்ட ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். சுட்டவருக்கு உடனடிப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. இதெல்லாம் அரசியலமைப்பின் 141-ம் பிரிவுப்படி சட்டத்துக்குச் சமம் என்றும் சொன்னது.

சரியாகப் பத்து வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 23 அன்று, நீலாங்கரை பக்கம் இன்னொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஐந்து நாள் முன்னால், செப்டம்பர் 18 அதிகாலை, நம் வியாசர்பாடியில் ஒருவர். ஜூலையில் மாதவரம். மூன்று மாதத்துக்குள் சென்னையில் மூன்று சாவு. ஜூலையில் பொறுப்பேற்ற புதிய கமிஷனர், ரவுடிகளுக்குப் புரிகிற மொழியிலேயே பேசப்போவதாகச் சொல்லியிருந்தார். மாநில மனித உரிமை ஆணையமே அதை விளக்கச் சொல்லி அழைத்தது. மூன்று சம்பவத்துக்கும் போலீஸ் சொன்ன கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்: பிடிக்கப் போனோம், அல்லது ஆயுதம் எடுக்கக் கூட்டிப் போனோம், அவர் சுட்டார், நாங்கள் சுட்டோம். கேமில் ஒரே லெவலைத் திரும்பத் திரும்ப விளையாடினால் எதிரி ஒவ்வொரு தடவையும் அதே மூலையிலிருந்துதான் வருவான்.

சாகாதவர்களுக்கு மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்த கைதிகளின் படங்களை எத்தனை பார்த்துவிட்டோம். நம் பிள்ளைகளே அதை வைத்து மீம் போடுகிறார்கள். 2022 ஜூனில் கொடுங்கையூர் ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூட்டிப்போன ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அதற்கு யாரும் மீம் போடவில்லை, உண்மைதான். ஆனால் மாவுக்கட்டுக்கும் அந்தச் சாவுக்கும் இடையில் இருப்பது ஒரு லத்தி அடி தூரம்.

இனி கஷ்டமான பகுதி. ஆம்ஸ்ட்ராங் அண்ணன் ஒரு வழக்கறிஞர், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர். தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் வெட்டிக் கொல்லப்பட்டார். எத்தனையோ பிள்ளைகளைச் சட்டம் படிக்கச் சொன்ன மனிதர். ஜூலை 7 அன்று சென்னைக்கு வந்த மாயாவதி, பிடிபட்டவர்கள் உண்மையான குற்றவாளிகள் இல்லை, சி.பி.ஐ விசாரிக்க வேண்டும் என்றார். நாமும் அதையேதான் கேட்டோம்: வெட்டியவன் யார் என்பதைவிட அனுப்பியவன் யார்? ஒரு வாரத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் பிணமாகிவிட்டார். அதற்குத்தான் நம் குழுவில் கைதட்டல்.

பழிவாங்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. கோர்ட் நமக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று கேட்பீர்கள். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுவித்தது நமக்கு மறக்கவில்லை. ஆனால் ஹாரியின் துப்பாக்கி எந்த நிலச்சுவான்தாரை நோக்கி நீண்டது? வெண்மணிக்கோ, மேலவளவுக்கோ, ஆணவக் கொலை செய்த ஏதாவது ஒரு அப்பனுக்கோ என்கவுன்ட்டர் நடந்ததாக யாராவது காட்டுங்கள், நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மேலவளவில் 1997-ல் முருகேசனும் அவரோடு சேர்த்து ஐந்து பேரும் வெட்டப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்தது வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்ற வக்கீல்களும் சாட்சி சொன்ன நம் சனங்களும். அந்த வழக்கின் ஆயுள் கைதிகளையும் அரசு முன்கூட்டியே வெளியே விட்டது, அது வேறு கோபம். அப்போதும் தீர்ப்பு என்று ஒன்று ஏட்டில் இருக்கிறது. மாதவரத்தில் செத்தவருக்கு எதிராகவோ ஆதரவாகவோ அப்படி ஒரு வரிகூட இனி வராது.

ஹாரி படத்தை எடுத்தவர்களுக்கே ஒரு கட்டத்தில் உறுத்தல் வந்திருக்கிறது. 1973-ல் வந்த இரண்டாம் பாகம் ‘மேக்னம் ஃபோர்ஸ்’. அதில் கோர்ட்டில் தப்பியவர்களை இளம் போலீஸ்காரர்கள் ரகசியமாகச் சுட்டுக் கொல்கிறார்கள். ஹாரி அவர்களுக்கு எதிராக நிற்கிறான். இங்கே அதற்கு ஐம்பது வருடம் ஆனது. 2024 அக்டோபர் 10, ‘வேட்டையன்’. நிரபராதி ஒருவனை என்கவுன்ட்டரில் கொன்றுவிட்ட அதிகாரியாக ரஜினி, அதைக் கேள்வி கேட்கும் நீதிபதியாக அதே ‘சஞ்சீர்’ அமிதாப். நீலாங்கரைச் சம்பவம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தியேட்டரில் ரஜினி சுடும் காட்சிக்கு விசில், தவறாகச் சுட்டுவிட்டோம் என்று உணரும் காட்சிக்கு அமைதி. அந்த அமைதியை நான் கொஞ்சம் நம்புகிறேன்.

கேமை மாற்ற முடியாது என்றும் இல்லை. ‘வைஸ் சிட்டி’யில் ஹைட்டி நாட்டு மக்களைக் கொல்லச் சொல்லும் ஒரு வசனம் இருந்தது. 2003 கடைசியில் நியூயார்க்கில் ஹைட்டி அமைப்புகள் தெருவில் இறங்கின, நிறுவனம் அந்த வசனத்தை நீக்க ஒப்புக்கொண்டது. 2018-ல் ‘வடசென்னை’ படத்தின் படகுக் காட்சி தங்களை இழிவுபடுத்துகிறது என்று மீனவ மக்கள் சொன்னபோது, வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து அந்தக் காட்சியை எடுத்தார். ‘டர்ட்டி ஹாரி’ கேம் மட்டும் யாரும் கேள்வி கேட்காமலேயே செத்தது. அதனால் அதன் சாவில் யாருக்கும் பாடமும் இல்லை.

அந்த கேம் வந்திருந்தால் என் தம்பி அதை விளையாடியிருப்பான். சந்தேகமே வேண்டாம். 2007-ல் ஒரு ராத்திரி, கேம் கடையிலிருந்து நண்பனோடு நடந்து வந்தவனை ரோந்து வண்டி நிறுத்தியது. “எந்த ஏரியா?” என்று கேட்டார்கள். சொன்னான். வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். அம்மா விடியும் வரை வாசலில் நின்றார், நான் கூட நின்றேன். காலையில் வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அடி பெரிதாக ஒன்றுமில்லை, முட்டிக்குக் கீழே நான்கு. அந்த வாரமே அவன் மறுபடி கேம் கடைக்குப் போனான். திரையில் போலீஸ் கார் தெரிந்ததும் வழக்கமாகச் சுடுகிறவன், அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் ஓட்டினான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்போது துறைமுகத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான், ஏழு வயதில் ஒரு மகன்.

“ஹெட்ஷாட்” போட்ட தம்பி போன மாதம் மையத்துக்கு வந்தான். சட்டக் கல்லூரியில் சேரலாம் என்று யோசனையாம். அவனிடம் 2014 தீர்ப்பைக் கொடுத்தேன், தமிழில் நாங்கள் சுருக்கி வைத்திருக்கும் நான்கு பக்கம். வாசித்துவிட்டு, “இதெல்லாம் யாருக்கா ஃபாலோ பண்றாங்க?” என்றான். யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அதனால் எனக்கும் முழுதாகத் தெரியாது என்றேன். புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் பிரிவு 196, பழைய சட்டத்தில் 176. மாஜிஸ்திரேட் விசாரணை என்றால் பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு அறிவிப்பு வரும்: சம்பவம் பற்றித் தெரிந்தவர்கள் இன்ன தேதியில், இன்ன அலுவலகத்தில் நேரில் வந்து சொல்லலாம் என்று. அந்த மாதிரிக் கத்தரித்த துண்டுகளை இரண்டு பேருமாக ஒரு நோட்டில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறோம். பழைய நாளிதழ்கள் வீட்டில் இருப்பவர்கள் 2012 பிப்ரவரி, மார்ச் மாதக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்.